சிக்கனச் செம்மல்கள்

1939 மார்ச் மாதத்தில் ஓர் இரவு. ஜப்பானின் நகோயா துறைமுகத்தை ஒட்டிய மிட்சுபிஷி தொழிற்சாலையின் வாசலில் இரண்டு மாட்டு வண்டிகள் வந்து நின்றன. ஒன்றில் இறக்கையோடு சேர்ந்த முன்னுடல், இன்னொன்றில் வால்பகுதி. உலகத்திலேயே அன்றைக்குப் புத்தம் புதியதான போர்விமானத்தை ஏற்றிக்கொண்டு மாடுகள் ககாமிகஹாரா விமானத்தளத்துக்கு நடந்தன. தூரம் 48 கிலோமீட்டர். போய்ச்சேர ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆயிற்று. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓடுபாதை இல்லை. லாரியில் ஏற்றினால் பள்ளமும் மேடுமான சாலையில் குலுங்கி, பூப்போலச் செய்த உடம்பு நசுங்கிவிடும். ஆகவே மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்க வேண்டியது மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வலம் போனது.

இதைப் படித்துவிட்டு, ஒரு நல்ல சாலை போடக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அற்பக் கேள்வி. பசிபிக் பெருங்கடலையே தாண்டப்போகிறவர்களுக்கு நகோயா தார்ச்சாலை ஒரு பொருட்டா? அவர்கள் பதற்றப்படவில்லை. போர் மூண்டது, உலகின் மிகப்பெரிய தொழில்நாட்டோடு மல்லுக்கு நின்றார்கள், அப்போதும் நகோயாவில் செய்த விமானங்களை மாடுதான் இழுத்தது. மாடு களைத்த காலத்தில் குதிரையைப் பூட்டினார்கள். மரபை இப்படிக் கட்டிக்காத்த ஒரு விமானத்துறையை வேறெந்த நாட்டிலும் பார்க்க முடியாது.

மாட்டு வண்டியில் போன அந்த ஜீரோ விமானத்தைப் புகழாதவர் இல்லை. அதை வடிவமைத்த ஹொரிகோஷி ஜிரோவை நாயகனாக வைத்துத் திரைப்பட இயக்குநர் மியாஸாகி 2013இல் ஒரு படமே எடுத்துவிட்டார். ஆனால், இந்த விமானம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டவர்களை, அதாவது ஜப்பானியக் கடற்படையின் விமானத் தலைமையகத்தை, வாழ்த்த ஒரு நாதி இல்லை. செய்தவனுக்கு மாலை, செய்யச் சொன்னவர்களுக்கு ஒரு பூ கூடக் கிடையாதா? அந்தக் குறையை என்னால் முடிந்த அளவு தீர்த்துவைக்கிறேன்.

1937 அக்டோபரில் அவர்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தாலே அவர்களுடைய தாராள மனசு தெரியும். 4,000 மீட்டர் உயரத்தில் 500 கிலோமீட்டருக்கு மேல் வேகம். மூன்றரை நிமிடத்தில் 3,000 மீட்டர் ஏற்றம். கூடுதல் தொட்டியோடு ஆறு முதல் எட்டு மணி நேரம் வானில் மிதக்க வேண்டும். 70 மீட்டருக்குள் கப்பல் தளத்தை விட்டு எழும்ப வேண்டும். 20 மில்லிமீட்டர் பீரங்கி இரண்டு, இயந்திரத் துப்பாக்கி இரண்டு, குண்டு வேறு. இத்தனையும் சுமந்துகொண்டு, அப்போது கையிலிருந்த 96 ரக விமானம் போல லாவகமாகக் கரணம் அடிக்கவும் வேண்டும். நம்மூரில் சில மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள்: பெண் முதுகலை படித்திருக்க வேண்டும், ஆனால் எதிர்த்துப் பேசக்கூடாது; வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும், ஆனால் மூன்று வேளையும் வீட்டில் இருந்து சமைக்க வேண்டும்; நூறு பவுன் போட வேண்டும், ஆனால் எளிமையாக வளர்ந்திருக்க வேண்டும். அவர்களுடைய நியாயம்தான் இவர்களுடையதும். கேட்பதற்குக் காசா பணமா?

நகாஜிமா நிறுவனம் இந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு, எங்களால் ஆகாது என்று ஒதுங்கிக்கொண்டது. படிக்கத் தெரிந்தவர்களிடம் இருக்கும் பலவீனம் இது. மிட்சுபிஷிக்காரர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள்.

1938 ஏப்ரலில் ஒரு கூட்டம். ஹொரிகோஷிக்கு அப்போது 34 வயது. தூரம், வேகம், லாவகம் இந்த மூன்றில் எதை முதலில் வைப்பது என்று சொல்லுங்கள், மற்றதைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன் என்று அடக்கமாகக் கேட்டார். கெண்டா மினோரு எழுந்து, லாவகமே முக்கியம் என்றார். ஷிபாத்தா தாக்கியோ எழுந்து, வேகமும் தூரமுமே முக்கியம், லாவகக் குறைவை விமானியின் பயிற்சி ஈடுகட்டும் என்றார். இருவரும் விமானிகள், இருவரும் அனுபவசாலிகள், இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தலைமையகம் யார் மனதையும் புண்படுத்த விரும்பவில்லை. பட்டியலில் ஒரு வரியும் குறையவில்லை. முடிவெடுப்பது என்ற முரட்டுக் காரியத்தில் இறங்காமல், அதை அப்படியே எடுத்து ஒரு இளைஞனின் மேஜையில் வைத்துவிட்டுப் போன பெருந்தன்மையைப் பிற்பாடு வந்த அரசு அலுவலகங்கள் பலவும் பின்பற்றுகின்றன.

ஹொரிகோஷிக்கு ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. எஞ்சின் சிறியது, முதலில் பொருத்தியது மிட்சுபிஷியின் ஸுய்ஸெய், பிறகு நகாஜிமாவின் 940 குதிரைத்திறன் சகாயே. சக்தியைக் கூட்ட முடியாது. ஆகவே எடையைக் கழித்தார். சுமிதோமோ நிறுவனம் அப்போதுதான் கண்டுபிடித்திருந்த ஒரு புதிய அலுமினியக் கலவையை இறக்கையின் முதன்மைச் சட்டத்துக்குப் போட்டார். சட்டங்களில் இடம் கிடைத்த இடத்திலெல்லாம் துளையிட்டார். சில உறுப்புகளுக்கு விதிப்படி இருக்க வேண்டிய பாதுகாப்புக் கணக்கைக்கூடச் சற்றுக் குறைத்தார். கிராம் கணக்கில் இழைத்து இழைத்து, காலி எடையை 1,700 கிலோவுக்குள் கொண்டுவந்தார். அது கலை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கலைக்கு இலக்கணம் வகுத்தவர்கள் தலைமையகத்தார். பட்டியலில் எல்லாவற்றையும் கேட்டவர்கள், விமானியின் முதுகுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தகடு வேண்டும் என்று கேட்கவில்லை. குண்டு பட்டால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டி வேண்டும் என்று கேட்கவில்லை. என்ன ஒரு சிக்கனம்! தாக்குவதே தற்காப்பு என்று விமானிகளும் நம்பினார்கள். வீரனுக்குக் கவசம் கேட்பது வீரனை அவமதிப்பது அல்லவா? கழிக்கவே முடியாத எடை விமானி ஒருவர்தான். அவரை மட்டும், வேறு வழியில்லாமல், வைத்துக்கொண்டார்கள்.

சோதனையில் இரண்டு பேர் போனார்கள். 1940 மார்ச்சில் இரண்டாவது மாதிரி, செங்குத்தாகப் பாயும்போது வானிலேயே சிதறியது. ஓட்டிய ஒகுயாமா மசுமி இறந்தார். வால் பகுதியில் சமன்செய்யும் ஒரு சிறு கை ஒடிந்ததுதான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். 1941 ஏப்ரலில் இன்னொரு பாய்ச்சல் சோதனையில் ஷிமோகாவா மன்பெய் இறந்தார். முதல்நாள் இன்னொரு விமானத்தின் இறக்கைத் தோல் சுருங்கிப் பக்கச் சுக்கான்கள் பிய்த்துக்கொண்டு போயிருந்தன; அது ஏன் என்று பார்க்கத்தான் அவர் ஏறினார். காரணம் தெரிந்தது.

1940 ஜூலையில் விமானத்தைப் படையில் சேர்த்தார்கள். அது ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கில் 2600. கடைசி பூஜ்யமே விமானத்துக்குப் பெயராயிற்று. பூஜ்யம் என்றால் வணக்கத்துக்குரியது என்றும் நம் மொழியில் ஒரு பொருள் உண்டு. நான் அந்தப் பொருளிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 13இல் சீனாவின் சோங்சிங் நகருக்கு மேலே 13 ஜீரோக்கள் சீனர்களின் சோவியத் தயாரிப்பு விமானங்களோடு மோதின. 27ஐ வீழ்த்தியதாகச் சொல்லிக்கொண்டு தங்கள் பக்கம் ஒன்றும் இழக்காமல் திரும்பின. சீனர் கணக்கில் விழுந்தவை 13; வெற்றிக் கணக்கில் இந்தச் சிறு பெருக்கல் எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தான். அடுத்த ஆண்டு டிசம்பரில் பேர்ல் துறைமுகம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பு; நாலு நாள் கழித்துத் திருகோணமலை. இலங்கை வானில் எதிர்கொண்ட பிரிட்டிஷ் ஹரிகேன்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜப்பானியக் கப்பற்படை வருகிறது என்ற பயத்தில் மதராஸில் அரசு அலுவலகங்களே மூட்டை கட்டின.

இவ்வளவு நன்றாக ஓடுகிற கடைக்குப் புதுச் சரக்கு எதற்கு? ஜீரோவுக்கு வாரிசு தேடும் பேச்சு 1940இலேயே எழுந்தது. ஹொரிகோஷியின் குழுவுக்கு ஜீரோவின் திருத்தங்களும், ரைடன் என்ற இன்னொரு விமானமும் தலைக்கு மேல் இருந்தன. அந்தக் குழுவுக்கு ஆள் சேர்ப்பது, வேலையை வேறொருவரிடம் பிரித்துக் கொடுப்பது போன்ற ஆடம்பரங்களில் தலைமையகம் இறங்கவில்லை. வாரிசைத் தள்ளிவைத்தது.

தூரதிருஷ்டி என்றால் என்ன என்று அறிய விரும்புகிறவர்கள் 1942 ஆகஸ்டைப் பார்க்க வேண்டும். அந்த வருஷம்தான் ஜீரோவின் 32ஆம் மாதிரி களத்துக்கு வந்தது. இறக்கை நுனியை வெட்டிச் சற்று வேகம் கூட்டியிருந்தார்கள்; எஞ்சின் பெரிதானதால் தொட்டி சிறியதாகிப் பறக்கும் தூரம் குறைந்தது. சரியாக அந்த வேளையில் அமெரிக்கர்கள் குவாடல்கனால் தீவில் இறங்கினார்கள். ஜப்பானியரின் ரபவுல் தளத்திலிருந்து அங்கே ஏறத்தாழ 1,040 கிலோமீட்டர். போருக்குத் தேவைப்பட்ட ஒரே பொருள் தூரம், கைக்கு வந்த புது விமானத்தில் இல்லாத ஒரே பொருளும் அதுவே. பழைய மாதிரிகளைத்தான் அனுப்பினார்கள். போக மூன்று மணி நேரத்துக்கு மேல், சண்டைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், திரும்பிவர மறுபடியும் அத்தனை நேரம். முதல் நாளே சகாய் சபுரோ என்ற விமானியின் தலையில் குண்டு பாய்ந்தது. ஒரு கண் போய், உடம்பில் பாதி மரத்து, நாலே முக்கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டு அவர் ரபவுல் வந்து சேர்ந்தார். பயிற்சி எதையும் ஈடுகட்டும் என்று ஷிபாத்தா சொன்னது வீண்போகவில்லை.

விமானிகளும் நல்ல மாணவர்கள். வானொலிக் கருவியில் கரகரப்பைத் தவிர எதுவும் காதில் விழாததால், தரைத்தளங்களில் இருந்தவர்களில் பலர் அதைக் கழற்றிப் போட்டார்கள். அதன் மரக் கம்பத்தையும் ரம்பத்தால் அறுத்தார்கள். இன்னும் சில கிலோ மிச்சம். சண்டையில் ஒருவரை ஒருவர் கூப்பிட வேண்டுமென்றால் இறக்கையை ஆட்டிக் காட்டலாம்.

1942 ஜூன் 4இல் அலூஷியன் தீவுகளில் ஒரு ஜீரோ சதுப்பு நிலத்தில் இறங்கித் தலைகீழாகக் கவிழ்ந்தது. ஓட்டிய கோகா ததயோஷி கழுத்து முறிந்து இறந்தார். ஜூலையில் அமெரிக்கர்கள் கண்டெடுத்துச் செப்பனிட்டு, செப்டம்பரில் சான் டியேகோவில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். மூக்கைச் சட்டென்று கீழே அமுக்கினால் எஞ்சின் அடைத்துப் போகிறது, வேகம் கூடக் கூடச் சுக்கான்கள் கல்லாய் இறுகுகின்றன என்று குறித்துக்கொண்டார்கள். இந்த விமானத்தைப் பார்த்துத்தான் தங்கள் ஹெல்கேட் போர்விமானத்தை வடிவமைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது சரியல்ல, ஹெல்கேட் அந்த ஜூன் மாதமே பறந்துவிட்டது. 2,000 குதிரைத்திறன், ஜீரோவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடை, விமானியைச் சுற்றி இரும்புக் கவசம். அழகில்லாத பொருள். சிக்கனம் தெரியாதவர்கள். மூன்று ஆண்டுகளில் 12,275 செய்து தள்ளினார்கள்.

இனி ரெப்பூவைப் பற்றி. சூறைக்காற்று என்று பொருள். ஜீரோவின் வாரிசு. இதில்தான் தலைமையகத்தின் திறமை முழுவதும் பூத்துக் குலுங்கியது.

1942இல் பட்டியல் வந்தது. வழக்கம் போல எல்லாமும் வேண்டும்: 6,000 மீட்டர் உயரத்தில் 639 கிலோமீட்டர் வேகம், ஆறு நிமிடத்தில் அந்த உயரத்துக்கு ஏற்றம், இவற்றோடு ஜீரோ போலவே கரணமும். கரணத்துக்காக இறக்கையைப் பெரிதாக்கச் சொன்னார்கள். ஜீரோவை விட 2 மீட்டர் அகலமாயிற்று. இவ்வளவு பெரிய உடம்பைத் தூக்க எது தகுந்த எஞ்சின் என்ற கேள்வி வந்தது. ஹொரிகோஷி தம் நிறுவனத்தில் உருவாகிக்கொண்டிருந்த பெரிய எஞ்சினைக் கேட்டார். தலைமையகம் நகாஜிமாவின் ஹோமாரேதான் என்று முடிவு செய்தது. எந்த விஷயத்திலும் முடிவெடுக்காதவர்கள் இந்த ஒன்றில் எடுத்தார்கள். ஹோமாரே என்றால் கௌரவம் என்று பொருள். காகிதத்தில் கௌரவமான எஞ்சின்தான்: சிறிய உடம்பு, பெரிய சக்தி. நல்ல பெட்ரோலும் தேர்ந்த கைகளும் இருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும். பெட்ரோல் வரும் கடல்வழியை அமெரிக்க நீர்மூழ்கிகள் அடைத்துக்கொண்டிருந்தன. தேர்ந்த கைகளை ராணுவம் கட்டாயச் சேர்க்கையில் எடுத்து, துப்பாக்கி கொடுத்து அனுப்பியிருந்தது. கடைசல் இயந்திரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நின்றார்கள்.

1944 மே 6இல் ரெப்பூ பறந்தது. வேகம் சுமார் 570. விமானம் சரியில்லை என்றது கடற்படை. எஞ்சின் சொன்ன சக்தியைத் தரவில்லை என்று ஹொரிகோஷிக்குச் சந்தேகம். அளந்து பார்த்தார்கள், 1,700 குதிரைத்திறன் வர வேண்டிய உயரத்தில் 1,300 அளவில்தான் வந்தது. இவ்வளவு தெளிவான அளவு கிடைத்த பிறகு தலைமையகம் எடுத்த நடவடிக்கையும் தெளிவானது. ஜூலை இறுதியில் விமானத்தை நிறுத்திவிட்டு, கவானிஷி நிறுவனத்தின் வேறொரு விமானத்தைச் செய்யும்படி மிட்சுபிஷிக்குச் சொன்னார்கள். நோய் எஞ்சினுக்கு, பத்தியம் விமானத்துக்கு. மிட்சுபிஷிக்காரர்கள் பிடிவாதமாக, முதலிலேயே கேட்ட தங்கள் எஞ்சினை அதே உடம்பில் மாட்டி அக்டோபர் 13இல் பறக்கவிட்டார்கள். 628 கிலோமீட்டர். ஓட்டிப் பார்த்தவர்கள் மயங்கினார்கள். உடனே தலைமையகமும் மனம் மாறியது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய யோசனையை இவ்வளவு விரைவாக ஏற்றுக்கொண்ட வேறு அலுவலகம் உண்டா?

அந்த டிசம்பர் 7ஆம் தேதி நகோயா பகுதியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. விமானத் தொழிற்சாலைகளாக மாற்றியிருந்த நூற்பாலைக் கட்டடங்கள் சரிந்தன. விமானம் செய்ய இடம் போதவில்லை என்று உள்சுவர்களை எடுத்திருந்தார்கள். வேலைக்கு அழைத்துவரப்பட்ட மாணவ மாணவிகள் பலர் உள்ளே இருந்தார்கள். மறுநாள், போர் தொடங்கியதன் ஆண்டு நிறைவு நாள் என்பதால், செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் பேரரசரின் படம் பெரிதாக வந்தது; நிலநடுக்கம் உள்ளே ஒரு துண்டுச் செய்தி. 13ஆம் தேதி அமெரிக்க பி-29 விமானங்கள் வந்து மிட்சுபிஷியின் எஞ்சின் தொழிற்சாலையில் குண்டு போட்டன. 18ஆம் தேதி விமானத் தொழிற்சாலையில்.

ரெப்பூ பத்துக்கு மேல் செய்யப்படவில்லை. போர்முனைக்குச் சென்றவற்றின் எண்ணிக்கை, அந்த வணக்கத்துக்குரிய எண்தான். தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலில் ஔவையார் பார்த்த வேல்களைப் போல, ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தன.

தரைப்படையின் பெருமையைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் எஞ்சினைச் செய்யத் தரைப்படை கவாசாகி வழியாக உரிமம் வாங்கியது. அதே எஞ்சினுக்குக் கடற்படை ஐச்சி வழியாகத் தனியாக வாங்கியது. ஒரே வீட்டு அண்ணன் தம்பி ஒரே மளிகைக் கடையில் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்வது போல. 20 மில்லிமீட்டர் பீரங்கிக்கும் ஆளுக்கொரு அளவில் தோட்டா. இவர் தோட்டா அவர் பீரங்கியில் நுழையாது. எஞ்சின் பற்றாக்குறையில் கவாசாகியின் முற்றத்தில் தலையில்லாத முண்டங்களாக விமானங்கள் வரிசை கட்டி நின்றன. போக்கிடம் இல்லாமல் அவற்றுக்கு மிட்சுபிஷியின் வேறொரு எஞ்சினை ஒட்டுப்போட, 1945 பிப்ரவரியில் பறந்த அந்த ஒட்டு விமானம் போர்க்காலத்தின் மிக நல்ல விமானங்களில் ஒன்றாக அமைந்துவிட்டது. யாரும் பட்டியல் போடாததால் வந்த வினை.

ஜீரோவையும் மறக்கவில்லை. 1944இல் அதற்குக் கவசத் தகடும் தடித்த கண்ணாடியும் வைத்தார்கள். ஆனால் எஞ்சின் பழைய 1,130 குதிரைத்திறன்தான். கவசம் வந்ததும் வேகம் போயிற்று. வலுவான கின்ஸெய் எஞ்சினைப் பொருத்தக் கடைசியில் இசைந்தார்கள். 1945 வசந்தத்தில் இரண்டு மாதிரிகள் ஆயின. தலைமையகம் 6,300 விமானங்களுக்குத் திட்டம் போட்டது. இரண்டுக்கு மேல் ஒன்றும் வரவில்லை என்றாலும், எண்ணிக்கையில் கஞ்சத்தனம் காட்டவில்லை.

மிச்சமிருந்த ஜீரோக்களில் 250 கிலோ குண்டைக் கட்டி, 1944 அக்டோபர் 25 முதல் கப்பல்கள் மேல் மோத அனுப்பினார்கள். எட்டு மணி நேரம் பறக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிய விமானம். இப்போது பாதி நேரம் போதும்.

அதற்கு ஜீரோ கூட அதிகப்படி என்று பிறகு தோன்றியது. 1945 ஜனவரியில் தரைப்படைக்காக நகாஜிமா ஒரு புதிய விமானத்தைத் தொடங்கியது, மார்ச்சில் பறந்தது. ஜீரோ கேட்ட காலத்தில் ஒன்றரை ஆண்டு எடுத்த வேலை, இப்போது இரண்டே மாதத்தில். பெயர் சுருகி, வாள். இரும்புத் தகட்டு உடல், மர வால். கிடங்கில் கிடக்கும் எந்தப் பழைய எஞ்சினையும் மாட்டலாம். கவசம் இல்லை, துப்பாக்கி இல்லை, கரணம் இல்லை. அடியில் ஒரே ஒரு குண்டு. முதல் மாதிரிகளின் சக்கரத்தில் அதிர்வு தாங்கிகூட வைக்கவில்லை. ஓடுபாதையில் உருட்டுவதற்கே பெரும்பாடு பட்டார்கள். கடற்படையும் இதே விமானம் தனக்கும் வேண்டும் என்றது. எஞ்சினிலும் தோட்டாவிலும் ஒத்துப்போகாத இரண்டு படைகளும் ஒத்துப்போன விமானம் இது. அப்போதும் கடற்படை தன் பங்குக்கு ஒரு பூவின் பெயரைத் தனியாக வைத்துக்கொண்டது. போர் முடிவதற்குள் 105 ஆயின. ஒன்றையும் அனுப்ப நேரம் கிடைக்கவில்லை.

மேலே எழும்பியதும் சக்கரங்கள் கழன்று விழும்படி அதைச் செய்திருந்தார்கள். விழுந்தவற்றைப் பொறுக்கி எடுத்துவந்து அடுத்த விமானத்துக்கு மாட்டுவதாக ஏற்பாடு.